பள்ளிக்கூடத்துத் தொழு

பள்ளிக்கூடத்தில் ஆடு, கோழி வளர்க்கலாம் என்றிருக்கிறோம் என யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தீபாவளி அன்றைக்குத் தண்ணி காட்டப்போவது யார்? எத்தனை உருப்படி வாங்குவது, கூரைக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்பதெல்லாம் அதற்கப்புறம். காலாண்டு, அரையாண்டு, பொங்கல், பிறகு கோடை என்று பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிற நாட்கள் நிறைய. ஆட்டின் வயிற்றுக்கு விடுமுறை கிடையாது. என் கேள்விக்கு ஆள் பெயர் சொல்லிப் பதில் தருகிற இடத்தில்தான் தொழு நிலைக்கும். ‘பார்த்துக்கலாம்’ என்கிற இடத்தில் அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் ஆட்டுக் கொட்டகையில் சைக்கிள் நிற்கும்.

நான் ஆசிரியை அல்ல. கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காட்டுக்குள் இருக்கிற ஒரு விடுதிப் பள்ளியில் 20 வருடத்துக்கு மேலாகத் தொழுவைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைகளுக்கு நான் அக்கா. எங்களிடம் இருப்பவை கன்னியாடுகள், நாட்டுக்கோழிகள், ஒரு பசு. இந்த வேலையில் இறங்க நினைக்கிற ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் என் கைக்குத் தெரிந்ததைச் சொல்லிவைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உருப்படியை அந்தந்த மண்ணிலிருந்தே எடுங்கள். எங்களுக்குக் கன்னியாடு. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்து ஆடு அது. உடம்பு கறுப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கொம்படியிலிருந்து மூக்கு வரைக்கும் கோடு இறங்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. வெயில் தாங்கும், இரட்டைக்குட்டி போடும், உடை நெத்தும் கருவை நெத்தும் தின்று தேறிவிடும். இதையெல்லாம்விட ஒரு லாபம் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் இதே ஆடு நிற்கிறது. ஊருக்குப் போகிற பிள்ளை, ‘எங்க பள்ளிக்கூடத்துல செங்கன்னி கழியுது பாட்டி’ என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்ல நூறு விஷயம் இருக்கும். பாடப்புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் பாட்டி என்ன சொல்வாள்? வெளிமாநிலத்து உயரமான ஆட்டை ஆசைப்பட்டு வாங்கினால் அந்தப் பேச்சு வளராது.

முயல் வேண்டாம் என்பேன். பார்க்க அழகு, பிள்ளைகள் கேட்கும். ஆனால் கரிசல் வெயில் அதற்கு ஆகாது. சின்னப் பிள்ளை தூக்கும்போது உதறினால் முதுகெலும்பு முறிந்துபோகிற உடம்பு அது. கிளி வேண்டவே வேண்டாம். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். பிள்ளைகள் ஓடையில் கண்டெடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடும். திட்டாமல், எடுத்த இடத்துக்கே கூட்டிப்போய் விடச்சொல்லுங்கள். எதை வளர்க்கலாம், எதை அதன் போக்கில் விடவேண்டும் என்று தெரிந்துகொள்வதும் இந்தப் படிப்பில் சேர்த்திதான்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஒரு கீதாரி. வயசுக்காலம் முழுக்கக் கிடை போட்டு ஊர் ஊராகச் சுற்றி, முழங்கால் ஓய்ந்த பிறகு பள்ளிக்கு ராக்காவலுக்கு வந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான் வைப்பார். எல்லோருக்கும் அவர் தாத்தா. அவர் ஆட்டைப் பிடிக்கிறதை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நேராகப் போகமாட்டார். பக்கவாட்டில் நாலெட்டு தள்ளிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். கையை முட்டிக்குக் கீழே, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி வைத்திருப்பார். ஆடு தானாக வந்து மோந்து பார்க்கும். பிறகு அந்தக் கை தாடைக்கு அடியில் போய், கழுத்தின் சரிவில் இறங்கி, நெஞ்சில் சொறியும். ஒரு கை தாடையில், மறுகை பின்சப்பையில். ஆடு அசையாது. காதைப் பிடித்து இழுக்கிறது, கொம்பைப் பிடித்துத் திருகுகிறது, பின்னங்காலைப் பற்றித் தரதரவென்று இழுக்கிறது எதுவும் அவரிடம் கிடையாது.

“மேல இருந்து விழுற கை அதுக்கு நாய் வாய் மாதிரி தாயி. கீழ இருந்து கொண்டா” என்பார்.

பிள்ளைகளோ தலையைத் தடவத்தான் முதலில் கையை நீட்டும். அதனால் ஜூனில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஆட்டைத் தொட அனுமதி இல்லை. சாயங்காலம் காபி குடித்துவிட்டுப் படிப்பு மணி அடிக்கிற வரைக்கும் தொழுச் சுவரை ஒட்டி உட்கார்ந்து பார்க்கவேண்டும். எழுந்து போகும்போது ஆளுக்கு ஒன்று, பார்த்ததைச் சொல்லவேண்டும். முதல் நாள் எல்லோரும் ‘ஆடு எலை தின்னுது’ என்பார்கள். ரெண்டாம் நாளும் அதுதான். மூணாவது, நாலாவது நாளில்தான் கண் திறக்கும். ‘சுட்டி எல்லாத்துக்கும் கடைசியாத்தான் தண்ணி குடிக்குது.’ ‘கருத்தாடு வந்தா மத்ததெல்லாம் தொட்டிய விட்டு நகருது.’ ‘அக்கா, ஆட்டுக் கண்ணுமணி படுக்கவசமா இருக்கு!’ இந்தக் கடைசிப் பேச்சு வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. அந்தப் பிள்ளை பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இனி கையைப் பழக்கலாம்.

கை பழகுவதற்குக் காலம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. பசுவுக்குப் பின்பக்கமாகப் போனால் குரல் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். கோழியைத் தூக்கினால் ரெண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துத் தூக்கவேண்டும். குட்டியைத் தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பிட்டத்தில். பால் கறக்கிற பிள்ளை கட்டைவிரலை உள்பக்கம் மடக்கி வைத்துக் காம்பை நசுக்கும். சின்னக் கைக்கு அதுதான் சுலபமாக வரும். அப்படியே பழகினால் காம்பு புண்ணாகி மடிநோயில் கொண்டுபோய் விடும். அஞ்சு விரலாலும் மேலிருந்து கீழாக வரிசையாகப் பிடித்து முழுக்கையால் கறக்கவேண்டும். கன்று ஊட்டி, பால் சுரப்பு விட்ட பிறகு உட்காரவேண்டும். பக்கத்தில் நாலு பேர் சத்தம் போட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். ‘சத்தம் போடாதீர்கள்’ என்று நான் சொல்வதேயில்லை. சொம்பில் பால் குறைந்தால் கறக்கிற பிள்ளையே மற்றவர்களை அடக்கிவிடும்.

ஒன்றில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன். கிடாக்குட்டியின் நெற்றியைத் தள்ளி விளையாடக் கூடாது. ஒரு வருடம் விடுதிப் பையன்கள் நான் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு குட்டியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி, அது முட்டுவதைப் பார்த்துச் சிரித்துப் பழக்கிவிட்டார்கள். குட்டிக்கு நெற்றியைத் தள்ளுவது என்றால் மல்லுக்கு வா என்று அர்த்தம். எட்டு மாதத்தில் அது வளர்ந்த கிடா. தீனி கொண்டுபோன ரெண்டாம் வகுப்புப் பிள்ளையை முட்டித் தள்ளியது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. அந்தக் கிடாவை உடனே வெளியேற்ற வேண்டியதாயிற்று. தாத்தா அந்தப் பையன்களைக் கூப்பிட்டு, “அது உங்ககிட்ட படிச்சதத்தான்ப்பா செஞ்சுச்சு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன்கள் தலை நிமிரவில்லை. இன்றைக்கும் புதுப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்வது பெரிய வகுப்புப் பையன்கள்தான்.

ஆடு திட்டாது, மதிப்பெண் குறைக்காது; விலகிப்போகும். கை ஓங்கியே பழகிய ஒரு பையன் இருந்தான். அவன் குழை கொண்டுவந்தால் எந்த ஆடும் கிட்டப் போகாது. அதே குழையை அடுத்தவன் வாங்கி நீட்டினால் தின்னும். யாரும் அவனை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவனே தாத்தாவிடம் போய், ‘ஏன் என்கிட்ட மட்டும் வரமாட்டேங்குது’ என்று கேட்டான். “உன் நடையில கோவம் இருக்குலே. பைய நட. குழையக் கீழ போட்டுட்டுத் திரும்பி உக்காரு. வந்தாத் திரும்பிப் பாக்காத” என்றார் தாத்தா. அந்தப் பருவம் முழுக்க அவன் அப்படித் திரும்பி உட்கார்ந்திருந்தான். வகுப்பில் அவன் அடிதடி ஒரேயடியாக நின்றுபோனது என்று சொல்லமாட்டேன். தொழுவுக்குள் வரும்போது அவன் நடை மாறியதை நான் பார்த்தேன். முதலில் அவனிடம் வந்தது, எல்லோரையும் பார்த்து மிரளுகிற ஒரு கிழட்டு ஆடு.

நோயைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. தாத்தா காலையில் தொழுவைத் திறந்ததும் உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று பார்ப்பார். எது முதலில் எழுகிறது, எது எழவில்லை, எது தலை தொங்கப்போட்டு நிற்கிறது என்று அந்த ஒரு பார்வையில் முடித்துவிடுவார். பிள்ளைகளுக்கு அந்தப் பார்வை வர நாளாகும். அதனால் கைக்குச் சில வேலைகள் தந்திருக்கிறேன். ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற குழியில் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். உள்ளே இரைப்பை புரண்டு கையைத் தள்ளும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அது இருந்தால் வயிறு வேலை செய்கிறது. கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். சிவந்திருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடிக்கிறது, மருந்து கொடுக்கும் காலம். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறோம். நமக்கு 98.6 டிகிரி என்றால் ஆட்டுக்கு 102, 103 சாதாரணம். முதல் தடவை பார்க்கிற பிள்ளை ஆட்டுக்குக் காய்ச்சல் என்று ஓடிவரும். சாதாரணம் என்பது உயிருக்கு உயிர் வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளும்.

தொழு நோட்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எழுதவேண்டும்: எத்தனை உருப்படி, என்ன தீனி, வித்தியாசமாக என்ன பார்த்தாய். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி, எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறுவாள். அவள் முறை வருகிறபோதெல்லாம் முந்தின நாள் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே இறக்கிவைப்பாள். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவள் என்னைத் தேடி ஓடிவந்தாள். மற்ற ஆடெல்லாம் படுத்து அசைபோடுகிறது, செங்கன்னி மட்டும் நிற்கிறது, அசைபோடவில்லை, பல்லைக் கடிக்கிறது என்றாள். போய்ப் பார்த்தால் இடது பக்கம் முரசாக வீங்கியிருந்தது. மதியம் பக்கத்துப் பாசிப்பயறுப் பிஞ்சையில் புகுந்து ஈரத்தோடு மேய்ந்திருக்கிறது. முன்னங்காலை மேட்டில் ஏற்றி நிறுத்தி, வாயில் குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்துக் கட்டி, வயிற்றைப் பிசைந்தோம். குச்சியை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறும், ஏப்பம் வரும். எண்ணெய் புகட்டும்போது தலையை ரொம்பத் தூக்கக்கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அதை நான் செய்தேன், அவள் விளக்குப் பிடித்தாள். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் போட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் ஆடு ரெண்டு ஏப்பம் விட்டுவிட்டது.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் அவள் எழுதியது: ‘செங்கனி அசபோடல. நா பாத்தே.’ யாரையும் பார்த்து எழுதாமல் அவளாக எழுதிய முதல் வரி. தமிழாசிரியர் மறுநாள் நோட்டைப் பார்த்தார். சிவப்பு மையைத் தொடவில்லை. அதே வரியைக் கீழே திருத்தமாக எழுதி, ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டு வைத்தார். அவள் அதற்குப் பதில் எழுதினாள். அந்த வருடம் அவள் எழுதப் படித்தது பெரும்பாலும் அந்த நோட்டில்தான். பிள்ளைக்குச் சொல்ல ஒரு சேதி இருந்து, அதைக் கேட்க ஒரு ஆள் காத்திருந்தால் எழுத்து வரும் என்று நான் அதில் கண்டுகொண்டேன்.

கணக்கும் அப்படித்தான். ஆட்டை எடைபோட ஒரு வழி இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரைக்குமான நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வரும். 2.2ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 28, நீளம் 26 என்றால் கிட்டத்தட்ட 31 கிலோ. பிறகு தொங்கு தராசில் தூக்கிப் பார்ப்போம். கிலோ, ரெண்டு கிலோ வித்தியாசம் வரும். யார் டேப்பை இறுக்கிப் பிடித்தது, ஆடு நேராக நின்றதா, மேய்ந்து வந்த பிறகு அளந்தோமா என்று சண்டையே நடக்கும். அந்தச் சண்டையை நான் விலக்குவதில்லை.

கோழியை அடைவைப்பது சின்ன வகுப்புக்கு ஏற்ற வேலை. ஓலைக் கூடையில் மணல் பரப்பி, அடுப்புக்கரி, ஒரு இரும்புத் துண்டு, காய்ந்த மிளகாய் போட்டு, அதன் மேல் பத்துப் பன்னிரண்டு முட்டை. கரியும் இரும்பும் இடிக்கு என்பார்கள் பாட்டிமார்கள். நாங்களும் போடுகிறோம். 7ஆம் நாள் ராத்திரி இருட்டறையில் முட்டையை டார்ச்சுக்கு மேல் வைத்துப் பார்த்தால், கரு ஏறிய முட்டையில் சிவப்பு நரம்பு கிளை விட்டிருக்கும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். அதைப் பார்க்கிற பிள்ளைகள் பேச்சை மறந்துவிடும். வெறுமனே இருப்பதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் ஓடு விரியும். அப்போதுதான் எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டை உரித்து உதவக் கை பரபரக்கும். உரிக்கக் கூடாது. உள்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். உரித்தால் குஞ்சு ரத்தம் போய்ச் செத்துவிடும். ஓட்டில் முதல் கீறல் விழுந்து முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆடு ஈனுவதைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். நாம் கூச்சப்படாமல் இருந்தால் அவர்களும் கூச்சப்படமாட்டார்கள். சினை பிடித்து அஞ்சு மாதம். மடி விம்மி, வாலடியில் ரெண்டு பக்கமும் குழி விழுந்து, ஆடு தனியாக ஒதுங்கித் தரையைக் கிண்டினால் நேரம் நெருங்கிவிட்டது. ரெண்டு முன்னங்குளம்பும் அதன் மேல் மூக்கும் தெரிந்தால் கவலை இல்லை, கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். தாத்தா ஒரு ஈத்தில் செய்தது கண்ணிலேயே நிற்கிறது. ரெண்டாவதாக விழுந்த குட்டி மூச்சு விடவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்க்கின்றன. தாத்தா அவசரப்படாமல் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை விரலால் வழித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த அருகம்புல் காம்பு ஒன்றை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுச் சுழற்றினார். குட்டி தும்மியது. ஒரு தும்மல், பிறகு மூச்சு. சாக்கால் விலாவைத் தேய்த்துவிட்டுத் தாய் முன்னால் போட்டார். அது நக்க ஆரம்பித்தது. அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைத்தோம்.

ஆனால் நஞ்சையும் ஈத்து நீரையும் பிள்ளைகள் தொடக் கூடாது. அதில் மனிதருக்கு ஒட்டுகிற நோய் இருக்கலாம். தொடுகிற பெரியவர்களும் கையுறை போடவேண்டும். தொழுவை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பிள்ளையும் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொடவேண்டும். நாய் வைத்திருந்தால் வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி. எந்த நாய் கடித்தாலும், பல் பட்டாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அதே நேரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ஊசிகளும் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்தும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கவேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்த உருப்படியை யாரும் தொடவும் கூடாது, அறுக்கவும் கூடாது. அடைப்பானாக இருக்கலாம்; டாக்டர் வரும் வரைக்கும் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். இதில் சோம்பல் பட்டால் தொழுவை மூடச்சொல்லி முதலில் நானே எழுதிக்கொடுப்பேன்.

இனி, எல்லோரும் பேசத் தயங்குகிற சேதி. கிடாக்குட்டிகள் எங்கே போகின்றன? எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகின்றன. எல்லாக் கிடாவையும் வைத்துக்கொண்டால் தீனி கட்டாது, கிடாக்களுக்குள் மல்லுக்கட்டும் ஓயாது. குட்டி விழுந்த அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: பெட்டை நிற்கும், கிடா விற்பனைக்கு. ஒரு வருடம் இளம் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று, கிடாக்குட்டி மாமா தோட்டத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் உண்மை நாலே நாளில் தெரிந்துவிட்டது. ரெண்டு பிள்ளைகள் அதற்கப்புறம் முறைக்கே வரவில்லை. கேட்டதற்கு, ஆடு போனதைப் பற்றிப் பேசவில்லை. ‘சார் பொய் சொல்லிட்டாரு’ என்றுதான் சொன்னார்கள்.

விற்கப் போகிற நாள் ஒரு பையன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவன் வளர்த்த குட்டி அது. நான் சமாதானம் சொல்லப் போனேன். தாத்தா தடுத்தார். “அழட்டும் தாயி. அழாத புள்ளகிட்ட ஆட்டைக் குடுக்காத” என்றார். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிடையில் தான் வளர்த்த ஆடுகள் ஒவ்வொன்றின் அங்கமும் அடையாளமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறை, சுட்டி, முறிகாது, வெள்ளைவால் என்று வெகுநேரம் போயிற்று. மறுநாள் விற்ற பணத்தை அந்தப் பையன்தான் நோட்டில் வரவு வைத்தான்; கீழே மருந்துச் செலவு, புண்ணாக்குச் செலவு.

பார்க்க வருகிற பெரியவர்கள் வார்தாவில் 1937இல் காந்தி ஆதாரக் கல்வி பற்றிப் பேசியதைச் சொல்வார்கள். தாகூர் 1922இல் ஸ்ரீநிகேதன் தொடங்கியதைச் சொல்வார்கள். வணக்கத்தோடு கேட்டுக்கொள்வேன். காலையில் தொழுவுக்கு வருகிற பிள்ளைக்கு அது எதுவும் தெரியாமலே வேலை நடக்கிறது. புழுக்கையைக் கூட்டி உரக்குழியில் சேர்க்கவேண்டும், தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பவேண்டும், அகத்திக் கட்டைப் பிரித்துக் கட்டித் தொங்கவிடவேண்டும். பிரார்த்தனை மணிக்குள் முடிக்கவேண்டும். பெரிய வகுப்பில் ஒருவர், சின்ன வகுப்பில் மூவர் என்று முறை போட்டிருக்கிறோம். பெரியது சின்னதற்குச் சொல்லித்தரும். நான் ஓரமாக நின்றால் போதும்.

தாத்தா இப்போது இல்லை. அவருக்குத் தெரிந்ததில் கால்வாசியைத்தான் நான் வாங்கிவைத்திருக்கிறேன். மிச்சம் அவரோடு போய்விட்டது. உங்கள் ஊர்ப் பக்கமும் கிடை போட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவரோ, பத்து ஆட்டை வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றிய பாட்டி ஒருத்தியோ இருப்பார்கள். உருப்படி வாங்கச் சந்தைக்குப் போகும் முன் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒரு நாள் சிறப்பு விருந்தினராக மாலை போட்டு அனுப்பிவிடாதீர்கள். சம்பளம் பேசி வேலைக்கு அழைத்துவாருங்கள். பள்ளியின் சம்பளப் பதிவேட்டில் அவர்கள் பெயரையும் ஏற்றுங்கள். தொழுவுக்கென்று பணம் ஒதுக்கினால் அதில் முதல் பங்கு அவர்களுக்கு, கொட்டகைக்கும் ஆட்டுக்கும் மிச்சம்.